எத்தனை பேர், என்ன தகுதி? கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன்

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி, அந்த வழியையே ஆறு நாள் அடைத்து வைத்த எவர் கிவன் கப்பலின் நீளம் 400 மீட்டர். அதில் வேலை பார்த்தவர்கள் 25 பேர், எல்லாரும் இந்தியர்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி சுமார் 300 மீட்டர் நீளம். அதில் 20 இந்தியர்களும் ஓர் இலங்கையரும் இருந்தார்கள். ஊர்க் கல்யாணத்தில் பந்தி பரிமாறவே இதைவிட அதிகம் பேர் நிற்பார்கள்.

இவ்வளவு பெரிய கப்பலுக்கு இத்தனை பேர் போதும் என்று சொல்வது யார்? அதை முதலாளி தன் விருப்பப்படி முடிவு செய்துவிட முடியாது. எத்தனை பேர், எந்தப் பதவியில், என்ன சான்றிதழோடு இருக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சட்டம் உண்டு. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் பிளஸ் டூ முடித்து, கப்பலுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் பேச ஆரம்பிக்கும் பிள்ளைகள் இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது ரொம்பப் பிந்தித்தான். விளம்பரங்கள் டாலர் சம்பளத்தைச் சொல்கின்றன, வெள்ளைச் சீருடையைக் காட்டுகின்றன. எந்தப் பதவிக்கு எவ்வளவு கடல் அனுபவம், யாருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓய்வு உங்கள் உரிமை என்பதை அவை சொல்வதில்லை. சேர்வதற்கு முன்பே உங்களுக்கும் உங்கள் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்.

ஒரு தாளில் அடங்கும் கப்பல்

சர்வதேசப் பயணம் போகும் 500 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல் ஒவ்வொன்றிலும் ‘குறைந்தபட்சப் பாதுகாப்பு ஆள்பலச் சான்றிதழ்’ என்று ஒரு தாள் இருக்கும். கப்பல்காரர்கள் ‘சேஃப் மேனிங்’ என்பார்கள். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் இதைக் கட்டாயமாக்குகிறது. கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் அரசு இதைக் கொடுக்கும். கேப்டன் ஒருவர், சீஃப் மேட் ஒருவர், வாட்ச் என்னும் முறைப்பணி பார்க்கும் டெக் அதிகாரிகள் இத்தனை பேர், சீஃப் என்ஜினியர், செகண்ட் என்ஜினியர், ஏபி என்னும் தேர்ச்சி பெற்ற டெக் பணியாளர், என்ஜின் ரூம் ஆயிலர் என்று பதவி வாரியாக எண்ணிக்கை இருக்கும். ஒவ்வொரு பதவிக்கும் எதிரே எந்தப் பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்பதும் எழுதியிருக்கும்.

கப்பலின் அளவு, என்ஜினின் சக்தி, என்ஜின் ரூம் இரவில் ஆளில்லாமல் தானாக இயங்கும் வசதி உள்ளதா, என்ன சரக்கு, எந்தக் கடல், துறைமுகங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் அந்த எண் வரும். சட்டப்படி 10 பேருக்கு மேல் வேண்டிய கப்பலில் முறையாகத் தகுதி பெற்ற சமையல்காரர் இருக்க வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளைத் தாண்டிய சர்வதேசப் பயணம் போனால் மருத்துவர் வேண்டும். சாதாரண சரக்குக் கப்பலில் மருத்துவர் கிடையாது. பயிற்சி பெற்ற ஓர் அதிகாரிதான் ஊசி போடுவதும் தையல் போடுவதும்.

தாளில் உள்ள எண்ணுக்குக் குறைவாக ஆள் இருந்தால் கப்பல் புறப்படக் கூடாது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஏறிச் சோதிக்கும் அதிகாரிகள் இந்தத் தாளையும் கப்பலில் இருப்பவர்களின் சான்றிதழ்களையும் ஒத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் கப்பலைப் பிடித்து வைக்கலாம். திடீரென்று ஓர் அதிகாரி நோயில் படுத்துவிட்டால், அடுத்த கீழ்நிலைச் சான்றிதழ் உள்ளவரை அந்த இடத்தில் வைக்கக் கொடி நாடு ஆறு மாதத்துக்கு மேற்படாத விலக்கு கொடுக்கலாம். கேப்டனுக்கும் சீஃப் என்ஜினியருக்கும் அந்தச் சலுகையும் கிடையாது, தவிர்க்கவே முடியாத நிலை வந்தால் ஒழிய.

வேலை தேடுகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய. சான்றிதழ் உள்ள அதிகாரி இல்லாமல் கப்பல் நகராது என்பதால்தான், சரக்குக் கட்டணம் சரியும் காலத்திலும் அந்தப் பதவிகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. கப்பல் முதலாளிகளின் சர்வதேச அமைப்புகள் 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, உலகில் சுமார் 18.9 லட்சம் கடல் பணியாளர்கள் இருப்பதாகவும் 26,240 அதிகாரிகள் பற்றாக்குறை என்றும் சொன்னது. 2026க்குள் மேலும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்றும் கணித்தது. சேஃப் மேனிங் தாளின் மறுபக்கத்தையும் பாருங்கள். பயிற்சியில் இருக்கும் கேடட் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார். அவர் இல்லாவிட்டாலும் கப்பல் போகும். அதிகாரிகளுக்குப் பஞ்சம், கேடட்டுகளுக்கு இடமில்லை என்று ஒரே நேரத்தில் இரண்டு செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். பயிற்சி நிலையத்தில் சேரும்போதே இதை மனத்தில் வைக்க வேண்டும்.

தகுதியை அளக்கும் சட்டம்

1967இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரப் பாறையில் ஏறிக் கடலைக் கறுப்பாக்கிய பிறகு, மாலுமிகளின் பயிற்சிக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அதுவரை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் சான்றிதழ் கொடுத்து வந்தது. 1978இல் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற உடன்படிக்கை வந்தது. 1995இல் அதைப் பெரிதாகத் திருத்தினார்கள். 2010இல் மணிலாவில் மீண்டும் திருத்தியது 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இதைச் செயல்படுத்துவது மும்பையில் உள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம், எல்லாரும் சொல்லும் டிஜி ஷிப்பிங். அதன் கீழ் வரும் மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட், அதாவது எம்.எம்.டி., சென்னையிலும் தேர்வு நடத்துகிறது. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. அலுவலகப் பெயர்களும் படிவங்களும் மாறக்கூடும், உடன்படிக்கையின் அளவுகோல் மாறாது.

டெக் சைடில் அதிகாரியாக இரண்டு வழி பரவலாக உள்ளன. டிஎன்எஸ் என்னும் ஓராண்டு நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமா படித்து 18 மாதம் கேடட்டாகக் கப்பலில் இருப்பது ஒன்று. மூன்றாண்டு பி.எஸ்.சி. நாட்டிக்கல் சயின்ஸ் படித்து 12 மாதம் இருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்த்து 60 சதவீதம் வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 வேண்டும். நுழைவுத் தேர்வை இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்துகிறது. 2008இல் தொடங்கிய அந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் உள்ளது. கடல் பயிற்சி முடித்து, எம்.எம்.டி. நடத்தும் எழுத்துத் தேர்வையும் ஓரல்ஸ் என்னும் வாய்மொழித் தேர்வையும் தாண்டினால் செகண்ட் மேட் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு கப்பலில் ஏறுவது தேர்டு ஆபீசராக. குழம்ப வேண்டாம், நடைமுறை அப்படித்தான்.

அதற்கு மேல் ஏணி நீளம். 3,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலில் சீஃப் மேட் ஆகக் குறைந்தது 12 மாதம் வாட்ச் அதிகாரியாகக் கடலில் இருந்திருக்க வேண்டும். கேப்டன் ஆக 36 மாதம். அதில் 12 மாதம் சீஃப் மேட்டாக இருந்தவருக்கு 24 மாதம் போதும். இவை சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்சம்தான். இந்திய விதி சில இடங்களில் கூடுதலாகக் கேட்கும். ஒன்றைக் கவனியுங்கள்: விடுமுறையும் தேர்வுக்குப் படிக்கும் மாதங்களும் இந்தக் கணக்கில் வராது. கப்பலில் சைன் ஆன் செய்த நாளிலிருந்து சைன் ஆஃப் செய்யும் நாள் வரைதான் சீ டைம். ‘நாலு வருஷத்தில் கேப்டன்’ என்று யாராவது ஆசை காட்டினால் அவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

என்ஜின் சைடில் நான்காண்டு பி.டெக். மரைன் என்ஜினியரிங் நேர்வழி. அதன் பிறகு ஆறு மாதக் கடல் பயிற்சி, கிளாஸ் ஃபோர் என்னும் தொடக்கநிலை என்ஜினியர் தேர்வு. மெக்கானிக்கல் என்ஜினியரிங் முடித்தவர்களுக்கு ஓராண்டு ஜிஎம்இ படிப்பு உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் மெக்கானிக்கல் பட்டத்தோடு வெளியே வந்து வேலைக்குத் திண்டாடும் பிள்ளைகள் இந்த வழியை ஒருமுறை பார்க்க வேண்டும். எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சுமார் நான்கு மாதப் படிப்பை முடித்து இடிஓ, அதாவது கப்பலின் மின் அதிகாரி ஆகும் வழியில் சேரலாம். மணிலா திருத்தத்தில்தான் இந்தப் பதவிக்கு உடன்படிக்கையில் தனி இடம் கிடைத்தது.

ரேட்டிங் என்னும் கடைநிலைப் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். கணிதம், அறிவியல், ஆங்கிலம் படித்து, மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், வயது 17½ முதல் 25க்குள். ஆறு மாதம் ஜிபி ரேட்டிங் பயிற்சி, கடைசியில் அகில இந்தியத் தேர்வு. கப்பலில் ஆறு மாதம் வேலை பார்த்தால் வாட்ச்சில் நிற்கும் ரேட்டிங் சான்றிதழுக்குத் தகுதி. அதற்குப் பிறகு 18 மாதம், அங்கீகரித்த பயிற்சி பெற்றிருந்தால் 12 மாதம் டெக்கில் இருந்தால் ஏபி ஆகலாம். ரேட்டிங்காகப் போனவர் அதிகாரி ஆக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கேடட் பயிற்சி இல்லாமல் வருகிறவருக்கு உடன்படிக்கை 36 மாதக் கடல் அனுபவத்தைக் கேட்கிறது, அதை முடித்துப் படிப்பும் தேர்வும் தாண்டினால் அதே சான்றிதழ்தான். கஷ்டமான வழி, ஆனால் திறந்திருக்கும் வழி. குடும்ப நிலை காரணமாக லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

கட்டணத்துக்கு முன்னால் கண்

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம். டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் போய்ப் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். டெக் சைடுக்குக் கண்ணாடி இல்லாத பார்வைக்குக் கண்டிப்பான அளவு உண்டு, என்ஜின் சைடில் கொஞ்சம் தளர்வு. நிறங்களைப் பிரித்தறியும் திறன் இல்லாவிட்டால் இரண்டுமே இல்லை. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று முடிவு செய்ய வேண்டும், ஆகவே இதில் சலுகை கேட்பதில் நியாயமில்லை. நிறக்குறைபாடு தங்களுக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. முதல் ஆண்டுக் கட்டணம் கட்டிய பிறகு தெரிய வந்தால் அந்தப் பணமும் காலமும் திரும்பாது.

அடுத்து காகிதங்கள். முதலில் பாஸ்போர்ட். பிறகு இன்டோஸ் எண், அதாவது இந்தியக் கடல் பணியாளர் பதிவேட்டில் உங்கள் நிரந்தர அடையாளம். அதன் பிறகு யாராக இருந்தாலும், கேப்டனுக்குப் படிப்பவரும் சமையலறையில் சேர்பவரும், முடிக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சிகள்: கடலில் விழுந்தால் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும், கூடவே கப்பல் பாதுகாவல். இவை கையில் இருந்தால் சிடிசி, மாலுமியின் பணிப்பதிவுப் புத்தகம். அது 10 ஆண்டு செல்லும். ஒவ்வொரு சைன் ஆனும் சைன் ஆஃபும் அதில் ஏறும். உங்கள் சீ டைமுக்குச் சாட்சி அதுதான். தொலைத்துவிடாதீர்கள், யாரிடமும் அடகு வைப்பதுபோல் கொடுத்துவிடாதீர்கள்.

சான்றிதழ் வாங்கியதோடு முடிவதில்லை. அதிகாரிகளின் தகுதிச் சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்தாண்டில் 12 மாதமோ, கடைசி ஆறு மாதத்தில் மூன்று மாதமோ கடலில் இருந்திருந்தால் எளிது. உயிர் தப்பும் பயிற்சியையும் தீயணைப்புப் பயிற்சியையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டாண்டு, 18 வயது ஆகாதவருக்கு ஓராண்டு. எண்ணெய், ரசாயன, எரிவாயுக் கப்பல்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. இந்தியச் சான்றிதழோடு பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகளின் கொடியுள்ள கப்பலில் அதிகாரியாகப் போகிறவருக்கு அந்தக் கொடி நாடு அங்கீகாரம் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்த சான்று கையில் இருந்தால் மூன்று மாதம் வரை வேலை பார்க்கலாம். அந்த வேலையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், தேதிகளை நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு சான்றிதழ் காலாவதியானதால் கப்பலில் ஏற முடியாமல் போனால் இழப்பு உங்கள் சம்பளம்.

உறக்கமும் சட்டம்தான்

2010 ஏப்ரலில் ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் ஏறி நின்றது. அப்போது வாட்ச்சில் இருந்த சீஃப் மேட் அதற்கு முந்தைய 38½ மணி நேரத்தில் சுமார் இரண்டரை மணி நேரம்தான் தூங்கியிருந்தார் என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை கண்டது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலையைக் கவனித்துவிட்டு அப்படியே கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜில் வந்து நின்றவர் அவர். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் தரைதட்டிக் கடலில் எண்ணெய் கொட்டியபோதும், தேர்டு மேட்டின் களைப்பும் அளவுக்கு மீறிய வேலைச்சுமையும் காரணங்களில் ஒன்று என்று அமெரிக்க விசாரணை எழுதியது. அந்த இரண்டு அதிகாரிகளிடமும் சான்றிதழ் இருந்தது. தூக்கம் இல்லை.

அதனால்தான் எத்தனை பேர் என்ற கேள்விக்கும் எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கும் சட்டம் சேர்த்தே பதில் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015இல் அதை ஏற்றது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரை இரவு வேலையில் வைக்கக் கூடாது. எஸ்.டி.சி.டபிள்யூ. விதியும் வாட்ச் பார்ப்பவருக்கு இதே அளவை வைத்திருக்கிறது.

இந்த மணி நேரங்களை ஒரு பதிவேட்டில் எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். கப்பலில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதன்முதலாகத் தடுமாறும் இடம் இது. மூன்று துறைமுகம் அடுத்தடுத்து வரும், சரக்கு இறங்கும், அதிகாரிகள் சோதனைக்கு ஏறுவார்கள், இரவில் துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் வருவார். உண்மையில் ஐந்து மணி நேரம் தூங்கியிருப்பீர்கள், தாளில் பத்து என்று எழுதச் சொல்வார்கள். எல்லாக் கப்பலிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நல்ல கேப்டன்கள் வாட்ச்சை மாற்றிப் போட்டு ஓய்வைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் தனக்கு எதிராகச் சாட்சி எழுதுகிறார். விபத்து நடந்தால் ‘ஓய்வு எடுத்தேன்’ என்ற அந்தக் கையெழுத்து, தவறு உங்களுடையது என்று காட்டப் பயன்படும். இன்னொரு கெடுதலும் உண்டு. பொய்க் கணக்கில் எல்லாம் சரியாகத் தெரியும்போது, சேஃப் மேனிங் தாளில் உள்ள எண் போதவில்லை என்ற உண்மை யாருக்கும் போய்ச் சேராது. அடுத்த ஆண்டும் அதே எண்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பல கொடி நாடுகள் சேஃப் மேனிங் எண்ணைக் கப்பலைக் கடலில் ஓட்டுவதற்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுக்கின்றன. துறைமுக வேலை, பராமரிப்பு, காகித வேலை எல்லாம் சேர்ந்தால் அந்த எண் போதாது. நல்ல கம்பெனிகள் தாளில் உள்ளதைவிடக் கூடுதலாக ஆள் வைக்கின்றன. நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதுபோல், ‘இந்தக் கப்பலின் சேஃப் மேனிங் எத்தனை, நீங்கள் எத்தனை பேர் அனுப்புகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி கிடையாது. பதில் சொல்லத் தயங்குகிற கம்பெனியைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

பெண்களுக்கு

மேலே சொன்ன 2021 கணக்கெடுப்பின்படி உலகின் சான்றிதழ் பெற்ற கடல் பணியாளர்களில் பெண்கள் 1.28 சதவீதம்தான். தகுதி விதியில் ஆண், பெண் வேறுபாடு எதுவும் இல்லை. இந்திய வணிகக் கப்பலின் முதல் பெண் கேப்டன் ராதிகா மேனன், 2015இல் வங்கக் கடலில் புயலில் தத்தளித்த ஏழு மீனவர்களைக் காப்பாற்றியதற்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருதை 2016இல் பெற்றார். 2026 ஜனவரி 1 முதல், எல்லாரும் முடிக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சியிலேயே பாலியல் துன்புறுத்தலையும் மிரட்டலையும் தடுப்பது, புகார் செய்வது பற்றிய பாடம் கட்டாயம். மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், கம்பெனியிடம் ஒரே கப்பலில் குறைந்தது இரண்டு பெண்களை அனுப்புவார்களா, புகாரைக் கரையில் யார் வாங்குவார் என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

பணம் கேட்பவர் யார்?

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. படிப்பு முடிந்து கேடட்டாகவோ ரேட்டிங்காகவோ கப்பலுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் ஏஜென்ட் வருவார். ‘கம்பெனியில் ஆள் தெரியும், இத்தனை லட்சம் கொடுத்தால் அடுத்த மாதம் கப்பல்’ என்பார். வீட்டில் நகையை அடகு வைப்பார்கள், நிலத்தை விற்பார்கள். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேலை வாங்கிக் கொடுப்பதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி போன்றவற்றின் செலவு மட்டும் உங்களுடையதாக இருக்கலாம். இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்ப ஆர்.பி.எஸ்.எல். என்னும் உரிமம் வேண்டும், 2016ஆம் ஆண்டு விதிகளும் உங்களிடம் பணம் வாங்குவதைத் தடுக்கின்றன. உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் அங்கே தேடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சரிபார்க்காமல் நகராதீர்கள்.

ஏமாற்றுக்காரர்கள் அனுப்பும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுற்றுலா விசாவில் வளைகுடா நாட்டுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனதும் வேறு கப்பல், சின்னக் கப்பல், பெயரில்லாத முதலாளி. ஒப்பந்தம் அரபுத் துறைமுகத்தில் கையெழுத்தாகும் என்பார்கள். அப்படிப் போனவர்கள் சிக்கிக்கொண்டால் யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் 312 கப்பல்களில் 3,133 பேர் முதலாளிகளால் கைவிடப்பட்டார்கள். அதில் இந்தியர்கள் 899 பேர், எந்த நாட்டையும்விட அதிகம். நம் பிள்ளைகள் அந்தக் கணக்கில் ஏறுவது தடுக்கக்கூடிய துயரம் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கப்பலுக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு: ஐ.எம்.ஓ. எண், ஏழு இலக்கம். பெயரும் கொடியும் மாறினாலும் அது மாறாது. ஈக்வாசிஸ் என்ற இலவச இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கப்பலின் வயது, நிர்வாக நிறுவனம், எந்தத் துறைமுகத்தில் எப்போது பிடித்து வைத்தார்கள் என்பது தெரியும். கைவிடப்பட்ட கப்பல்களின் பட்டியலைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தனியாக வைத்திருக்கிறது. கப்பல் எண்ணைச் சொல்ல மறுக்கும் ஏஜென்டிடம் இனிப் பேச ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படிக்க உங்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும், ஒரு நகலும் கொடுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, எந்த நாணயம், மாதா மாதம் யார் கணக்குக்கு, ஓவர்டைம் எப்படி, எத்தனை மாதம் என்று பாருங்கள். ஒரே மூச்சில் 11 மாதத்துக்கு மேல் உங்களைக் கப்பலில் வைத்திருக்கக் கூடாது. ஊர் திரும்பும் செலவு கப்பல் முதலாளியுடையது. ஏபி பதவிக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கூட்டுக் குழு பரிந்துரைத்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025 ஜனவரியில் மாதம் 673 டாலராக இருந்தது. அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், உணவோ குடிநீரோ நின்றுவிட்டால், ஊர் அனுப்ப மறுத்தால், அது சட்டப்படி கைவிடுதல். 2017 ஜனவரி முதல் இதற்கென்று காப்புறுதி கட்டாயம், நான்கு மாதச் சம்பளம் வரையும் ஊர் திரும்பும் செலவையும் அது தரும். அந்தக் காப்புறுதிச் சான்றிதழைக் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். கப்பலில் ஏறிய முதல் வாரத்திலேயே அதைத் தேடிப் போய்ப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தின் நகலும், கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணும், அனுப்பிய நிறுவனத்தின் உரிம எண்ணும் அப்பா அம்மாவிடமோ அண்ணன் அக்காவிடமோ இருக்க வேண்டும். டிஜி ஷிப்பிங்கிடமோ இந்தியத் தூதரகத்திடமோ புகார் கொடுக்க நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படிப்புக் கட்டணத்தைக் கட்டும்போது ரசீது கேளுங்கள், அந்த நிலையம் டிஜி ஷிப்பிங் அங்கீகாரம் பெற்றதா என்று இணையதளத்தில் பாருங்கள். கேடட்டுக்குக் கப்பல் வாங்கித் தருவது யார் பொறுப்பு, எந்தக் கம்பெனி, எத்தனை மாதத்தில் என்று எழுத்தில் வாங்குங்கள். படிப்பு முடிந்த பிறகு கப்பல் இடத்துக்கென்று தனியாகப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும், உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும், கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.